மோடத்துக்கே முதல் பங்கு

கேள்வி: வீட்டுக்குள் வரும் கேபிளைக் கூடத்தில் இருவழி ஸ்ப்ளிட்டரால் பிரித்து, ஒரு முனையைத் தொலைக்காட்சிக்கும், மற்றொன்றை நால்வழி ஸ்ப்ளிட்டருக்கும் கொடுத்திருக்கிறேன். அந்த நால்வழியில் இன்னும் இரண்டு தொலைக்காட்சிகளும் மோடமும் இருக்கின்றன. படம் தெளிவாகத் தெரிகிறது. இணையம் மட்டும் அடிக்கடி அறுந்துபோகிறது. பூஸ்டர் வாங்கலாமா?

பதில்: பூஸ்டர் இப்போதைக்கு வேண்டாம். கோளாறு பெரும்பாலும் பிரித்திருக்கும் வரிசையில்தான் இருக்கிறது. இருவழி ஸ்ப்ளிட்டரின் ஒவ்வொரு முனையிலும் ஏறக்குறைய 3.5 டெசிபலும் (சிக்னலின் ஏற்றத்தாழ்வை அளக்கும் அலகு), நால்வழியில் 7 டெசிபலும் இழப்பாகும். இரண்டையும் கடந்து வரும் உங்கள் மோடத்துக்கு 10.5 டெசிபல் போய்விடுகிறது. உள்ளே வந்த சிக்னலில் பதினொன்றில் ஒரு பங்குதான் அதற்குக் கிடைக்கிறது.

அப்படியானால் படம் மட்டும் எப்படி நன்றாக வருகிறது என்று கேட்கலாம். தொலைக்காட்சி பெரும்பாலும் வாங்கிக்கொள்வதோடு சரி. மோடமோ திருப்பியும் அனுப்ப வேண்டும். அது அனுப்பும் சிக்னலும் அதே ஸ்ப்ளிட்டர்களைக் கடந்து அதே அளவு தேய்ந்துதான் வெளியே போகிறது என்பதால், அதை ஈடுகட்ட மோடம் தன் அனுப்பு திறனை ஏற்றிக்கொண்டே போய், உச்சவரம்பைத் தொட்டதும் இணைப்பை இழக்கிறது. பல மோடங்களில் 192.168.100.1 என்ற முகவரியை உலாவியில் திறந்தால் இந்த அளவுகளைக் காணலாம். அங்கே dBmV என்ற அலகில், பெறும் திறன் −7க்கும் +7க்கும் இடையே இருப்பது நல்லது. அனுப்பும் திறன் 50ஐத் தாண்டி நின்றால் மோடம் திணறுகிறது என்று பொருள்.

கேபிள் நுழையும் இடத்திலேயே இருவழி ஸ்ப்ளிட்டரைப் பொருத்தி, ஒரு முனையை நேராக மோடத்துக்குக் கொடுத்துவிடுங்கள். மற்ற முனையிலிருந்து மூவழி ஸ்ப்ளிட்டர் வழியாகத் தொலைக்காட்சிகள் மூன்றும் பிரியட்டும். மூவழியில் பெரும்பாலும் ஒரு முனையில் 3.5 என்றும் மற்ற இரண்டில் 7 என்றும் பொறித்திருக்கும், 3.5 முனையை மிக நீளமான கேபிளுக்கு ஒதுக்குங்கள். நால்வழியையே வைத்துக்கொள்வதானால், காலியாக இருக்கும் முனையை 75 ஓம் டெர்மினேட்டர் என்ற சிறு மூடியால் மூட வேண்டும்.

ஸ்ப்ளிட்டரின் மேல் 5–1000 மெகாஹெர்ட்ஸ் என்று இருக்கிறதா என்று பாருங்கள். 950இல் தொடங்குவது டிஷ் ஆன்டெனாவுக்கானது, இங்கே உதவாது. கனெக்டர்களையும் ஒருமுறை கழற்றிப் பார்ப்பது நல்லது: கேபிளின் மேலுறைக்குள் இருக்கும் பின்னல் கம்பியின் ஒரே ஓர் இழை நடுக்கம்பியைத் தொட்டுக்கொண்டிருந்தாலும் போதும், எந்த ஸ்ப்ளிட்டரை மாற்றியும் பயனில்லை.

பூஸ்டர் சிக்னலோடு இரைச்சலையும் சேர்த்தே பெருக்கும். திரும்பும் பாதை இல்லாத பூஸ்டருக்குப் பின்னால் மோடம் இயங்கவே இயங்காது. எதையும் வாங்குவதற்கு முன், ஸ்ப்ளிட்டர்களையெல்லாம் விலக்கிவிட்டு வெளியிலிருந்து வரும் கேபிளை நேராக மோடத்தில் இணைத்து ஒரு நாள் விட்டுப் பாருங்கள். அப்போதும் இணையம் அறுந்தால், கோளாறு மோடத்திலோ வெளிக்கேபிளிலோ இருக்கலாம். அதைச் சேவை நிறுவனத்தார்தான் வந்து பார்க்க வேண்டும்.