நகரங்கள் சேர்ந்து வாங்கும் மின்சாரம்: பில்லில் எதைப் பார்ப்பது?

கேள்வி: கலிஃபோர்னியாவின் சன்னிவேலுக்குப் புதிதாகக் குடிவந்திருக்கிறோம். பி.ஜி. அண்ட் இ. அனுப்பும் மின்கட்டண பில்லில் ‘சிலிக்கான் வேலி கிளீன் எனர்ஜி’ என்ற பெயரில் தனியாக ஒரு தொகை இருக்கிறது. நாங்கள் எதிலும் கையெழுத்திடவில்லை. ஒரே மின்சாரத்துக்கு இருவர் பணம் வாங்குகிறார்களா?

பதில்: இல்லை. மின்சாரத்தின் விலை ஒருவருக்கும், அதைக் கம்பி வழியே வீடு சேர்க்கும் கூலி இன்னொருவருக்கும் போகிறது. 2000-01 மின்நெருக்கடியில் அடிபட்ட கலிஃபோர்னியா, நகரங்களும் கவுண்டிகளும் (மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதிகள்) தம் மக்களுக்கான மின்சாரத்தைத் தாமே மொத்தமாகக் கொள்முதல் செய்ய 2002-இல் சட்டத்தின் மூலம் வழிவிட்டது. அதைப் பயன்படுத்தி 2010-இல் முதலில் களமிறங்கியது மரின் கவுண்டி. சன்னிவேல், குப்பர்டினோ, மவுண்டன் வியூ முதலிய ஊர்கள் கூட்டாக அமைத்த உங்கள் சிலிக்கான் வேலி கிளீன் எனர்ஜி 2017 ஏப்ரலில் மின்சாரம் வழங்கத் தொடங்கியது. அது இலாபநோக்கற்ற பொது அமைப்பு. உறுப்பு ஊர்களில் தேர்ந்தெடுக்கப்பட்ட பிரதிநிதிகளே அதன் நிர்வாகக் குழுவில் இருக்கிறார்கள். கம்பி, மீட்டர், பழுதுபார்ப்பு, பில் ஆகியவை பழைய மின்நிறுவனமான பி.ஜி. அண்ட் இ.யிடமே உள்ளன. ஆகவே மின்தடை ஏற்பட்டால் அழைக்க வேண்டியதும் அந்த நிறுவனத்தைத்தான்.

கையெழுத்துக் கேட்காததும் சட்டப்படியே. அந்த ஊரில் மின் இணைப்பு பெறுபவர் தாமாகவே உள்ளே வந்துவிடுவார், வேண்டாதவர் விலகிக்கொள்ளலாம். கேட்காமல் சேர்ப்பது நுகர்வோருக்கு நெருடலான முறை என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால், பல்லாயிரம் வீடுகளின் தேவையைக் கையில் வைத்திருந்தால்தான் சூரிய, காற்றாலை மின்நிலையங்களுடன் பல ஆண்டு ஒப்பந்தம் பேச முடியும். (இத்தகைய திட்டங்களைத் தொடங்க மூன்றில் இரண்டு பங்கு வாக்காளர் ஒப்புதல் வேண்டும் என்ற முன்மொழிவுக்காக 2010-இல் பி.ஜி. அண்ட் இ. நான்கு கோடி டாலருக்கும் மேல் செலவிட்டது. வாக்காளர்கள் அதைத் தோற்கடித்தார்கள்.)

கேள்வி: பழைய நிறுவனத்திடமே முழுவதும் வாங்கினால் மலிவாக இருக்குமா?

பதில்: பில்லின் மொத்தத் தொகையைப் பார்த்து இதற்கு விடை காண முடியாது. கம்பி வழியே கொண்டுசேர்க்கும் விநியோகக் கட்டணம் எப்படியும் ஒன்றுதான். வேறுபடுவது பெரும்பாலும் மின்சாரத்தின் விலையான உற்பத்திப் பகுதிதான். அங்கும் நகர அமைப்பின் யூனிட் விலையைப் பழைய நிறுவனத்தின் யூனிட் விலையோடு நேராக ஒப்பிட்டால் கணக்குத் தவறிவிடும். ஏனென்றால் ‘பி.சி.ஐ.ஏ.’ என்ற தனிக் கட்டணம் ஒன்று விநியோகப் பகுதிக்குள் அமர்ந்திருக்கிறது. உங்கள் ஊர் விலகிப்போகுமுன் அதற்காகவும் சேர்த்துப் பழைய நிறுவனம் செய்துகொண்ட கொள்முதல் ஒப்பந்தங்களின் விலை, இன்றைய சந்தை மதிப்பைவிட அதிகமாக இருந்தால், அந்தச் சுமை அங்கேயே தங்கிவிட்ட வாடிக்கையாளர் தலையில் விழாமலிருக்க விலகியவரிடம் வசூலிக்கும் தொகை அது. மாநிலப் பொதுச்சேவை ஆணையம் இதை ஆண்டுதோறும் மாற்றியமைக்கிறது. ஊர் எந்த ஆண்டில் விலகியது என்பதைப் பொறுத்தும் இது வேறுபடும். சென்ற ஆண்டு இலாபமாகத் தெரிந்தது இந்த ஆண்டு அப்படியே இருக்கும் என்று எண்ண இதனால்தான் இடமில்லை. இரு தரப்பும் சேர்ந்து வெளியிடும் கட்டண ஒப்பீட்டுப் பட்டியலில் இந்தக் கட்டணமும் கணக்கில் சேர்க்கப்பட்டிருக்கும். உங்கள் கட்டணத் திட்டத்தின் பெயரைப் பில்லில் பார்த்து, அந்தப் பட்டியலில் அதே பெயருக்குரிய கணக்கைப் படியுங்கள்.

நகர அமைப்பிலிருந்து விலகுவதென்றால், சேர்க்கப்பட்ட முதல் 60 நாட்களுக்குள் தண்டம் ஏதுமின்றி விலகலாம். அதன்பின் விலகினால் பழைய நிறுவனத்தில் ஓராண்டு இருந்தாக வேண்டும். ஆறு மாத முன்னறிவிப்பும் தராமல் உடனே மாறினால் சிறிது காலம் சந்தை விலையைத் தழுவிய இடைக்காலக் கட்டணம் விழும். மாதத்துக்கு ஓரிரு டாலர் வேறுபாட்டுக்காக இதைச் செய்யும்படி நான் யாருக்கும் சொல்லமாட்டேன்.

கேள்வி: என் வீட்டுக்கு வருவது உண்மையில் சூரிய மின்சாரமா?

பதில்: உங்கள் கம்பியில் வருவது, அந்த நேரத்தில் மின்கட்டமைப்பில் இருக்கும் எல்லா மின்சாரத்தின் கலவை. உங்கள் பணம் யாருக்குப் போகிறது என்பதே மாறுகிறது. ஒவ்வொரு விற்பனையாளரும் எந்த மூலத்திலிருந்து எவ்வளவு மின்சாரம் என்று காட்டி ஆண்டுக்கொரு முறை வெளியிட வேண்டிய மின்சார உள்ளடக்கப் பட்டியலைப் பாருங்கள். கரிமப் புகையில்லாத பெரிய அணை நீர்மின்சாரத்தைக்கூடக் கலிஃபோர்னியா ‘புதுப்பிக்கத்தக்கது’ என்ற கணக்கில் சேர்ப்பதில்லை. எனவே ‘கரியமற்றது’ என்ற விளம்பரமும் ‘புதுப்பிக்கத்தக்கது’ என்ற விளம்பரமும் ஒரே பொருளைக் குறிப்பவை அல்ல. முழுவதும் புதுப்பிக்கத்தக்க மின்சாரம் வேண்டுமென்றால் உங்கள் நகர அமைப்பின் ‘கிரீன்பிரைம்’ திட்டத்துக்கு மாறலாம். யூனிட்டுக்குச் சிறிது கூடுதலாகும்.

கேள்வி: அடுத்த மாதம் சான்டா கிளாரா நகருக்கு மாறுகிறோம். அங்கும் இதே ஏற்பாடுதானா?

பதில்: இல்லை. சான்டா கிளாராவும் பாலோ ஆல்டோவும் சொந்தமாக நகராட்சி மின்நிறுவனம் நடத்துபவை. அங்கே கம்பியும் மின்சாரமும் நகராட்சியுடையவை, தேர்வுக்கு இடமில்லை.

கேள்வி: “நகரத்தின் பசுமைத் திட்டத்திலிருந்து வருகிறேன், பழைய பில்லைக் காட்டுங்கள்” என்று ஒருவர் வாசலுக்கு வந்தார். காட்டலாமா?

பதில்: வேண்டாம். சேர்வதற்கு நீங்கள் எதையும் செய்யத் தேவையில்லாத திட்டத்துக்கு ஆள் வந்து உங்கள் பில்லைக் கேட்க வேண்டிய அவசியம் இல்லை. பில்லில் உள்ள கணக்கு எண் பிறர் கைக்குப் போகக் கூடாது. வந்தவர் கூரைமேல் சூரியத்தகடு விற்பவராகவும் இருக்கலாம். அது தனி ஒப்பந்தம், தனிக் கடன். சந்தேகமிருந்தால் அவர் தரும் எண்ணை விட்டுவிட்டு, பில்லில் அச்சிட்டிருக்கும் எண்ணை அழைத்துக் கேளுங்கள்.