மலைத்தோட்டத்துக்குப் போகும் பிக்கப்புக்கு எந்த ஆல்-டெர்ரெய்ன் டயர்?

கேள்வி: இசுசு வி-கிராஸ் 4x4 வைத்திருக்கிறேன். கம்பெனி டயர் 255/60 ஆர் 18. பட்டன் (தரையில் படும் ரப்பர் கட்டைகள்) தேய்ந்துவிட்டது. போடியிலிருந்து மலையேறி ஏலத் தோட்டத்துக்குப் போய்வர வேண்டும். பெரும்பகுதி தார் ரோடு, கடைசி ஆறு கிலோமீட்டர் கல்லும் செம்மண்ணும். அவ்வப்போது பத்து மூட்டை உரம் ஏற்றுவேன். டயர் கடையில், “17 அங்குல அலாய் வீலோடு 265/70 ஆர் 17 மாட்டிவிடலாம். எல்.டி. டயர் போட்டால் வெடிக்காது. இம்போர்ட்டட் சரக்கு பில் இல்லாமல் மலிவாகத் தருகிறோம்” என்கிறார்கள். என்ன செய்யலாம்? (ஒரு வாசகர், போடிநாயக்கனூர்)

பதில்: அலாய் வீல் பேச்சை முதலில் ஒதுக்கிவையுங்கள். உங்களுக்கு வேண்டியது அதே 255/60 ஆர் 18 அளவில், மென்மையான வகை ஏ.டி. (ஆல்-டெர்ரெய்ன்) டயர் நான்கு. டயரை விற்பதைவிட வீலும் டயரும் சேர்த்து விற்பதில் கடைக்கு லாபம் அதிகம். அளவை மாற்றச் சொல்வதற்குப் பின்னால் பெரும்பாலும் இருப்பது அதுதான்.

கணக்கைப் பாருங்கள். 255 என்பது மில்லிமீட்டரில் அகலம். அதில் 60 சதவீதம், அதாவது 153 மி.மீ., பக்கச்சுவரின் உயரம். மேலும் கீழும் சேர்த்து 306. 18 அங்குல வீல் 457. ஆக டயரின் மொத்த உயரம் 763 மி.மீ. கடைக்காரர் சொல்லும் 265/70 ஆர் 17-க்கு இதே கணக்கைப் போட்டால் 803 மி.மீ. வரும். ஐந்து சதவீதத்துக்கு மேல் பெரிது. மீட்டர் காட்டும் வேகத்தைவிட நிஜ வேகம் அந்த அளவுக்குக் கூடிவிடும். கியர் விகிதம் நீண்டுபோவதால் கொண்டை ஊசி வளைவில் இரண்டாவது கியரில் இழுத்த வண்டி முதல் கியர் கேட்கும். முழுக்க ஸ்டியரிங் ஒடித்து ரிவர்ஸ் எடுக்கும்போது உள் மட்கார்டில் உரசலாம். இவ்வளவுக்கும் பிறகு தரைக்கும் வண்டிக்கும் நடுவே கிடைக்கும் கூடுதல் உயரம் 20 மி.மீ. மட்டுமே.

சட்டமும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களிலிருந்து வண்டி மாறுபடும்படி அதைத் திருத்தக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதைக் கண்டிப்பாகச் சொன்னது. விபத்து நடந்தபின் இன்சூரன்ஸ் சர்வேயர் டயர் அளவைத் தயாரிப்பாளர் குறித்த அளவோடு ஒப்பிட்டுப் பார்த்துக் கேள்வி எழுப்பினால், வீல் விற்ற கடைக்காரர் வந்து பதில் சொல்லப் போவதில்லை. உங்கள் மாடலின் இன்னொரு வேரியண்டுக்குத் தயாரிப்பாளரே கொடுக்கும் அளவு என்றால் மட்டும் யோசிக்கலாம்.

இனி ஏ.டி. தேவையா என்ற கேள்வி. தேவைதான், ஆனால் கடையில் சொல்லும் காரணத்துக்காக அல்ல. எச்.டி. எனப்படும் சாதாரண ரோடு டயரின் பட்டன் புதிதில் 8, 9 மி.மீ. ஆழம் இருக்கும். ஏ.டி.யில் 10 முதல் 13 வரை. பட்டன்களுக்கு நடுவே இடைவெளி அகலம் என்பதால் செம்மண் சேறு அப்பிக்கொள்ளாமல் உதிரும். அதைவிட முக்கியம், கல் குத்தும் இடமான தோள்பகுதியில் ரப்பர் தடிமனாக இருப்பது. கல் ரோட்டில் டயர் சாவது பெரும்பாலும் பக்கச்சுவர் கிழிந்துதான். அடிப்பகுதியில் குத்திய ஆணியைப் பஞ்சர் ஒட்டிச் சரிசெய்யலாம், பக்கச்சுவர் கிழிந்தால் அந்த டயர் முடிந்தது. “உள்ளே டியூப் போட்டு ஓட்டலாம்” என்று பஞ்சர் கடையில் சொன்னால் மறுத்துவிடுங்கள். மலை இறக்கத்தில் லோடோடு போகும் வண்டிக்கு அது செய்யக் கூடாத வேலை.

இதற்கு நீங்கள் கொடுக்கும் விலை, ஈரத் தார் ரோட்டின் பிடிமானம். இடைவெளி கூடினால் தரையைத் தொடும் ரப்பர் குறையும். மழையில் போடிமெட்டு வளைவுகளில் இறங்கும்போது பிரேக் பிடிக்கும் தூரம் எச்.டி.யைவிடக் கூடுதலாகவே இருக்கும். அதனால்தான் மென்மையான ஏ.டி. என்கிறேன். நடுவில் பட்டன்கள் நெருக்கமாக, ஏறக்குறைய தொடர்ந்த வரிசையாக இருக்க வேண்டும். ஒவ்வொரு பட்டனிலும் கத்தியால் கீறியதுபோல மெல்லிய வெட்டுகள் இருக்க வேண்டும். தோள்பகுதியில் மட்டும் முரட்டுக் கட்டைகள் போதும். யோகோஹாமா ஜியோலேண்டர் ஏ.டி. ஜி015, அப்போலோ ஆப்டெரா ஏ.டி.2 போன்றவை இந்த வகை. உங்கள் அளவில், உங்கள் ஊரில், புதிய சரக்காக எது கிடைக்கிறதோ அதை வாங்குங்கள். பெயருக்காக அலைய வேண்டாம். டயரில் ‘ஆல் டெர்ரெய்ன்’ என்று எழுத எந்தக் கட்டாயச் சோதனையும் கிடையாது என்பதால், எழுத்தைவிடப் பட்டனைப் பார்ப்பதே நம்பகமான வழி.

ஈரப் பிடிமானம், உருளும் தடை, சத்தம் மூன்றுக்கும் வரம்பு வைத்து 2022-இல் மத்திய அரசு அறிவிக்கை வெளியிட்டது. நல்லது. ஆனால் அந்த எண்ணை வாங்குபவர் கண்ணில் படும்படி கடையில் யாரும் வைப்பதில்லை. பிரிட்ஜ் வாங்கப் போனால் நட்சத்திரம் எத்தனை என்று கதவிலேயே தெரிகிறது. உயிரைத் தாங்கும் டயருக்கு, மழையில் எது சீக்கிரம் நிற்கும் என்று ஒப்பிட்டுப் பார்க்க வழியில்லை. சோதனை நடந்திருக்கிறது, முடிவு எங்கோ இருக்கிறது, பணம் கொடுப்பவருக்கு மட்டும் தெரியாது என்பது என்ன நியாயம்?

டயரில் அளவுக்குப் பக்கத்திலேயே 108, 112 போல ஒரு எண்ணும் ஓர் ஆங்கில எழுத்தும் இருக்கும். 108 என்றால் ஒரு டயர் 1000 கிலோ தாங்கும், 112 என்றால் 1120 கிலோ. இப்போதுள்ள டயரில் இருக்கும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். புது டயரில் அதற்குச் சமமாகவோ மேலாகவோ இருக்க வேண்டும், ஒரு படிகூடக் குறையக் கூடாது. எழுத்து வேக வரம்பு. எஸ் என்றால் 180 கி.மீ., எச் என்றால் 210. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பலமான டயர் போட்டதால் வண்டி ஏற்றக்கூடிய சுமை அதிகரிக்காது. ஆர்.சி.யில் உள்ள மொத்த எடையிலிருந்து காலி எடையைக் கழியுங்கள். வருவதுதான் ஆட்களையும் மூட்டைகளையும் சேர்த்து உங்களுக்கு உள்ள இடம். டபுள் கேப் வண்டிகளில் அது பலர் நினைப்பதைவிடக் குறைவு. பத்து மூட்டை அதற்குள் அடங்குகிறதா என்று இன்றைக்கே பாருங்கள்.

‘எல்.டி. டயர் வெடிக்காது’ என்பதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், ஏனென்றால் பலர் ஏமாறுவது இங்கேதான். எல்.டி. என்பது இலகு டிரக் வகை. பக்கச்சுவரில் 10 பி.ஆர். (பிளை ரேட்டிங், டயரின் பலத்தைக் குறிக்கும் எண்) என்று போட்டிருந்தால் அதன் உச்ச லோடு 80 பி.எஸ்.ஐ. காற்றுக்குக் கணக்கிட்டது. உங்கள் வண்டிக்கு வரும் சாதாரண டயர் 36 அல்லது 42-லேயே தன் உச்ச லோடைத் தாங்கும். எல்.டி. டயரில் 35 வைத்தால் அதில் எழுதியிருக்கும் கிலோவில் பாதியைச் சற்றே தாண்டிய அளவுதான் தாங்கும். கதவு ஓரத்து ஸ்டிக்கரில் உள்ள காற்றை அப்படியே எல்.டி.யில் வைத்து மூட்டை ஏற்றினால் பக்கச்சுவர் அளவுக்கு மீறி மடங்கும், சூடேறும், கடைசியில் வெடிக்கும். வெடிக்காத டயர் என்று விற்றது வெடிப்பது இப்படித்தான். சரியான காற்று வைத்தால், பெரும்பாலும் பத்து பதினைந்து பி.எஸ்.ஐ. கூட வைக்க வேண்டியிருக்கும். அப்போது காலி வண்டியின் பின்பக்கம் துள்ளும், ஈரத்தில் வால் அலையும். டயரும் சில கிலோ கனம், மைலேஜ் குறையும்.

அப்படியானால் எல்.டி. யாருக்கு? கல் குவாரிக்கும் கிரஷருக்கும் தினமும் போகிறவருக்கு. உடைத்த கருங்கல் ஜல்லி கத்தி முனையாக நிற்கும் பாதை, தினமும் லோடு, வேகம் குறைவு, மூன்றும் சேர்ந்தால் எல்.டி. வாங்குவது புத்திசாலித்தனம். அப்போதும் டயர் கம்பெனியின் லோடு-காற்று அட்டவணையைக் கேட்டு வாங்கி, உங்கள் பின் அச்சில் விழும் எடைக்கு எவ்வளவு காற்று என்று பார்த்து வைக்க வேண்டும். பின் அச்சின் எடை தெரியாவிட்டால், லோடோடு எடைமேடைக்குப் போய்ப் பின் சக்கரங்களை மட்டும் மேடையில் நிறுத்தி எடை போட்டுப் பாருங்கள். அந்த எடையை இரண்டால் வகுத்தால் ஒரு டயருக்கு விழும் சுமை. அட்டவணை தர முடியாத கடையில் எல்.டி. வாங்காதீர்கள். உங்கள் ஆறு கிலோமீட்டருக்கு இது தேவையே இல்லை.

பில் இல்லாத இம்போர்ட்டட் சரக்கைத் தொடவே தொடாதீர்கள். 2020 ஜூன் 12 அன்று புது டயர் இறக்குமதியை மத்திய அரசு கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது. உரிமம் இல்லாமல் கொண்டுவர முடியாது. அதற்குப் பல ஆண்டு முன்பிருந்தே, வெளிநாட்டு டயரானாலும் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். கட்டுப்பாட்டின் விளைவு என்னவென்றால் நேர்மையான இறக்குமதி சுருங்கியது, நல்ல அளவுகள் கிடைக்காமல் போயின, இடைத்தரகருக்குக் கொண்டாட்டம் ஆனது. உள்ளூரில் தயாராகாத அளவுக்காவது உரிமத்தை வேகமாகக் கொடுத்தால் இந்தப் பில் இல்லாத சந்தை தானாகவே ஒழியும்.

பக்கச்சுவரில் ஐ.எஸ்.ஐ. முத்திரையைத் தேடுங்கள். அடுத்து தயாரான தேதி. டாட் என்ற ஆங்கில எழுத்துகளில் தொடங்கும் வரிசையின் முடிவில் நான்கு இலக்கங்கள் இருக்கும். 3523 என்றால் 2023-இன் 35-ஆவது வாரம். இது சில டயர்களில் ஒரு பக்கத்தில் மட்டும் இருக்கும். அந்தப் பக்கத்தை உள்ளே திருப்பி மாட்டித் தருவது பழைய தந்திரம். ஆகவே வீலில் ஏற்றுவதற்கு முன்பே நான்கையும் தரையில் போட்டுப் படியுங்கள். ஆறு மாதத்துக்குள் தயாரானது நல்லது. ஓராண்டைத் தாண்டியிருந்தால் திருப்பி அனுப்புங்கள். தகரக் கூரைக் குடோனில் வெயிலில் வெந்த ரப்பர் கெட்டிப்பட்டிருக்கும், பாலிஷ் போட்டுக் கறுப்பாக்கினால் புதிதுபோலத் தெரியும். தேய்ந்த டயரில் சூடான கத்தியால் வாய்க்காலை ஆழமாக வெட்டி ‘செகண்ட்ஸ்’ என்று விற்பவர்களும் உண்டு. வாய்க்காலுக்குள் 1.6 மி.மீ. உயரத்தில் சிறு மேடுகள் இருக்கும், அதுதான் தேய்மான அடையாளம். அந்த மேடு காணாமல் போயிருந்தாலோ, சீரியல் எண் தேய்க்கப்பட்டிருந்தாலோ கடையைவிட்டு வெளியே வந்துவிடுங்கள்.

பில்லில் நான்கு டயர்களின் சீரியல் எண்களும் எழுதப்பட வேண்டும். வாரண்டி கேட்டால் கம்பெனி ஆள் முதலில் பார்ப்பது அதைத்தான். 2025 செப்டம்பர் 22 முதல் டயருக்கு ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. பழைய விலையையே சொன்னால் கேள்வி கேளுங்கள்.

இரண்டு மட்டும் இப்போது, இரண்டு பிறகு என்று பிரிக்காதீர்கள். உங்கள் 4x4 முன் அச்சையும் பின் அச்சையும் இறுக்கிப் பூட்டும் வகை. முன்னும் பின்னும் உருளும் சுற்றளவு வேறுபட்டால் அந்த வித்தியாசம் முழுக்க, இரண்டு அச்சுக்கும் இழுவையைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸின் மேல் விழும். அதே காரணத்தால்தான் காய்ந்த தார் ரோட்டில் 4எச் (நான்கு சக்கரமும் இழுக்கும் நிலை) போடக் கூடாது.

மாட்டியபின் பேலன்சிங், அலைன்மென்ட் இரண்டும் அன்றைக்கே. வீல் நட்டை ஏர்கன் வைத்து மட்டும் இறுக்கி அனுப்புவார்கள், கையேட்டில் உள்ள டார்க் (முறுக்கு விசை) அளவுக்கு ரென்ச்சால் சரிபார்க்கச் சொல்லுங்கள். நூறு கிலோமீட்டர் ஓடியபின் மறுபடி ஒருமுறை. முதல் 200, 300 கிலோமீட்டர் வளைவில் நிதானம் வேண்டும், புது ரப்பரின் வழுவழுப்பு போக அவ்வளவு ஆகும். காற்று ஸ்டிக்கரில் உள்ளபடியே, காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போது. தார் முடிந்து தோட்டப் பாதை தொடங்கும் இடத்தில், காலி வண்டியானால் ஆறேழு பி.எஸ்.ஐ. இறக்கிக்கொண்டு 20, 30 கி.மீ. வேகத்தில் போகலாம். லோடு இருந்தால் இறக்காதீர்கள். 12 வோல்ட் கம்ப்ரஸர் ஒன்று வண்டியிலேயே இருக்கட்டும், தாருக்குத் திரும்பியதும் ஏற்றிக்கொள்ளுங்கள். 8,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை முன் பின் மாற்றாவிட்டால் ஏ.டி. பட்டன் ரம்பப் பல்போலத் தேய்ந்து இரைச்சல் போடும்.

ஸ்டெப்னிக்குப் பழைய டயர்களில் பட்டன் அதிகம் மிச்சமிருப்பதை, ஐந்து ஆண்டுக்குள் தயாரானதாக இருந்தால், வைத்துக்கொள்ளலாம். பஞ்சர் கடைவரை மெதுவாக ஓட்டிப் போக மட்டும், 4x4 போடாமல். வண்டிக்கு அடியில் அது தொங்கும் சங்கிலியையும் இறக்கும் கைப்பிடியையும் மாட்டும் அன்றைக்கே ஒருமுறை இறக்கி ஏற்றிப் பாருங்கள். சேற்றில் துருப்பிடித்துச் சிக்கிக்கொள்ளும் இடம் அது.