ரத்தத்தில் பால் மிதக்குமா?

கேள்வி: என் ட்ரைகிளிசரைடு (ரத்தத்தில் உள்ள ஒரு வகைக் கொழுப்பு) 1,200. பரிசோதனைக்கு ரத்தம் எடுத்த கண்ணாடிக் குழாயில் மேலே பால் மாதிரி மிதந்தது. லைப்போபுரோட்டீன் லைப்பேஸ் சரியாக வேலை செய்யவில்லையாம். அது என்ன?

பதில்: ரத்த நுண்குழாய்களின் உள்சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும் நொதி அது, சாப்பிட்ட கொழுப்பு ரத்தத்தில் மிதந்து வரும்போது அதை வெட்டி, கொழுப்பு அமிலமாக்கித் தசைக்கும் கொழுப்புத் திசுவுக்கும் அனுப்பும். வெட்ட ஆள் இல்லாவிட்டால் தேங்கிவிடும், நீங்கள் பார்த்த பால் அதுதான். பிறவியிலேயே இந்த நொதி வேலை செய்யாதவர்கள் 10 லட்சத்தில் ஒருவர் என்கிற அளவுக்கு அபூர்வம், அதனால் முதலில் சர்க்கரை நோயையும் மதுவையும் சந்தேகப்படுங்கள். இன்சுலின் குறைந்தால் நொதியும் சோம்பிப்போகும். சரி, இப்போதைக்கு எதற்குப் பயப்பட வேண்டும்? கணைய அழற்சிக்கு, அதாவது இவ்வளவு கொழுப்பால் கணையம் வீங்கிப் புண்ணாவதற்கு. மேல்வயிற்றில் தொடங்கி முதுகுக்குப் பாயும் வலி வந்தால் வாயு என்று மாத்திரை போட்டுக்கொண்டு படுக்காதீர்கள், உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.