கடையை விற்காதீர்கள், பையனைத் தொழிற்பயிற்சியில் சேர்த்துவிடுங்கள்

தென்னாப்பிரிக்கா, டர்பன் சாட்ஸ்வர்த்தில் இருக்கும் அண்ணனுக்கும் அண்ணிக்கும் வணக்கம்.

அடுத்த வருடம் மெட்ரிக் (பன்னிரண்டாம் வகுப்பு) எழுதப்போகும் மகனை ஆஸ்திரேலியாவுக்குத் தொழில்முனைவோராக அனுப்ப மளிகைக் கடையை விற்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். "கம்பெனி திறந்தால் விசா தானாக வரும்" என்று பெர்த்தில் இருக்கும் அவன் மாமா சொல்கிறாராம். பெற்றவர்களுக்குப் பயம் இருக்கத்தான் செய்யும். ஆனால் மாமா சொல்கிற வழி மூடிவிட்டது. 188 என்ற அந்தத் தொழில் விசாவுக்குப் புதிய விண்ணப்பம் வாங்குவதை 2024 ஜூலையோடு நிறுத்திவிட்டார்கள். அது இருந்த காலத்திலும், பெரும்பாலும் நல்ல விற்றுமுதலோடு சொந்தத் தொழில் நடத்திக் காட்டியவர்களுக்கோ பெரிய முதலீடு போட்டவர்களுக்கோதான் கிடைத்தது. பள்ளிப் பையனுக்கு அது எட்டாது.

லண்டன் சித்தப்பா சொல்லும் 'இன்னோவேட்டர் ஃபவுண்டர்' என்ற பிரிட்டன் தொழில்முனைவோர் விசாவும் கடை வைக்க உதவாது. யோசனை புதிதாக இருக்க வேண்டும், பெரிதாக வளரக்கூடியதாகவும் இருக்க வேண்டும். ஏற்கெனவே ஓடும் கடையை வாங்கி நடத்த அதில் இடமில்லை. ஒப்புதல் தரும் அமைப்புக்கு 1,000 பவுண்டு, பிறகு இரண்டு சந்திப்புக்குத் தலா 500, மருத்துவக் கட்டணம் வருடத்துக்கு 1,035. இதற்காகக் கடையை விற்க நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன்.

வீட்டு டிபி போர்டில் எந்த பிரேக்கர் எந்த அறைக்கு என்று பையன் மார்க்கரால் எழுதி ஒட்டியிருப்பதாக அண்ணி எழுதியிருக்கிறார். எனக்கு அந்த ஒரு வரி போதும். எலக்ட்ரீஷியன் வேலையை உறவில் யாரும் மதிக்காமல் இருக்கலாம். பையனுக்குப் பொருந்துகிற தொழில் அதுதான்.

முதலில், மதிப்பெண் கூடும் என்று கணிதத்தை விட்டு எளிய கணிதப் பாடமான மேத்ஸ் லிட்டரசிக்கு மாற விடாதீர்கள். அப்ரன்டிஸ் எடுக்கும் நிறுவனங்கள் கணிதமும் அறிவியலும் கேட்கின்றன. மெட்ரிக் முடித்ததும் ஒரு கான்ட்ராக்டரிடம் அப்ரன்டிஸாகச் சேர வேண்டும். ஒப்பந்தம் சீட்டா என்ற துறைசார் பயிற்சி வாரியத்தில் பதிவாக வேண்டும். பலர் கோட்டை விடுவது இங்கேதான். தெரிந்தவரிடம் மூன்று வருடம் வேலை செய்திருப்பார்கள், பதிவு இருக்காது, லாக்புக்கில் கையெழுத்து இருக்காது. பிறகு முன்அனுபவ மதிப்பீடு என்ற சுற்றுவழியில் அலைய வேண்டியதுதான். அப்ரன்டிஸ் எடுப்பவருக்கு வரிச்சலுகை உண்டு, சீட்டா மானியமும் கேட்கலாம். தயங்குகிற கான்ட்ராக்டரிடம் இதை எடுத்துச் சொல்லுங்கள்.

மூன்று நான்கு வருடப் பயிற்சிக் காலத்தில் உதவித்தொகை வரும். முடிவில் அங்கீகாரம் பெற்ற மையத்தில் ட்ரேட் டெஸ்ட் என்ற தொழில்திறன் தேர்வு. பிறகு 'இன்ஸ்டலேஷன் ரூல்ஸ்' என்ற மின் இணைப்பு விதிகள் தேர்வின் இரண்டு தாளையும் எழுதித் தொழிலாளர் துறையில் பதிவு செய்தால், சிஓசி என்ற மின் இணைப்புத் தகுதிச் சான்றிதழில் கையெழுத்துப் போடலாம். இங்கே வீடு கைமாறும்போது அந்தச் சான்றிதழ் இரண்டு வருடத்துக்கு மேல் பழையதாக இருக்கக் கூடாது. அதனால் டர்பனிலேயே வேலைக்குக் குறைவிருக்காது. அந்தப் பதிவு கிடைக்கும்வரை அடுத்த வீட்டு இன்வெர்ட்டரில் அவன் கை வைக்கக் கூடாது, பிள்ளைப் பாசத்தில் விட்டுவிடாதீர்கள்.

ஆஸ்திரேலியா அதற்குப் பிறகு. டிஆர்ஏ என்ற அமைப்பு அவன் தொழில்திறனை மதிப்பிடும். சம்பளச் சீட்டு, ஐஆர்பி5 வரிச் சான்று, செய்த வேலையை விவரிக்கும் கடிதம் என ஒன்றுவிடாமல் கேட்பார்கள், எனவே முதல் மாதத்திலிருந்தே ஒரு ஃபைலில் போட்டு வையுங்கள். வீட்டில் ஆங்கிலமே பேசினாலும் தென்னாப்பிரிக்க பாஸ்போர்ட்டுக்கு ஆங்கிலத் தேர்வு உண்டு. போய் இறங்கியதும் முழு உரிமம் கிடைக்காது. தற்காலிக உரிமத்தில் ஒருவரின் மேற்பார்வையில் வேலை செய்து, அந்நாட்டு விதிகளுக்கான கூடுதல் பயிற்சியை முடிக்க வேண்டும். அதன் பிறகுதான் மாநில உரிமம், அதற்கும் பிறகு கான்ட்ராக்டர் உரிமம். நிரந்தர வசிப்புரிமை கையில் இருந்தால் தொழில் விசா இல்லாமலே சொந்தக் கம்பெனி தொடங்கலாம். மாமா ஆசைப்பட்டதும் அதுதானே! புள்ளிக் கணக்கு விசாவுக்கு 45 வயதுக்குள் இருக்க வேண்டும். இவனுக்கு அவகாசம் நிறையவே இருக்கிறது.

பணம் கொடுத்தால் ஸ்பான்சர் பிடித்துத் தருகிறேன் என்று யாராவது வந்தால் ஒரு ராண்டு கூடக் கொடுக்காதீர்கள். ஆஸ்திரேலியச் சட்டப்படி அது குற்றம்.

இந்த ஜூன் விடுமுறையில் ஒரு கான்ட்ராக்டரோடு இரண்டு வாரம் சைட்டுக்குப் போகட்டும், பார்த்துக்கொண்டு இருந்தால் போதும். திரும்பி வந்து என்ன சொல்கிறான் என்று எனக்கு எழுதுங்கள். மாமா சொல்வதையல்ல, அவன் சொல்வதை.