கரண்டியில் நிற்கிற கஞ்சி

அன்புள்ள அக்காவுக்கு,

மேலூர் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து எழுதுகிறேன். பெரியவனுக்கு மூன்று வயது, சின்னவளுக்கு எட்டு மாதம். ஆறாம் மாதத்திலிருந்து எங்கள் அத்தை திரித்து வைத்த சத்துமாவில்தான் பாப்பாவுக்குக் கஞ்சி. பதினான்கு சாமான் வறுத்துப் போட்டு மில்லில் கொடுத்து அரைத்தது. ஒரு டம்ளர் தண்ணீருக்கு இரண்டு டீஸ்பூன் மாவு, கொஞ்சம் நாட்டுச்சர்க்கரை. காலையில் ஒரு டம்ளர், சாயங்காலம் ஒரு டம்ளர். பாட்டிலில் இறங்கவில்லை என்று நிப்பிள் ஓட்டையை ஊசி காய்ச்சிப் பெரிதாக்கினோம். இப்போது மடமடவென்று குடித்துவிடுகிறாள். ஆனாலும் ஆறு மாதத்தில் 6.6 கிலோ இருந்தவள் இப்போது 6.8தான். ராத்திரி இரண்டு மணிக்கொரு தரம் எழுந்து அழுகிறாள். "உனக்குப் பால் பத்தலை, பவுடர் வாங்கு" என்கிறார் அத்தை. பெரியவன் சோற்றைக் கண்டாலே ஓடுகிறான். பாட்டிலில் பால் மட்டும் நாலு தடவை கேட்பான். வெளிக்குப் போக அழுகிறான். கஞ்சிக்குச் சரியான அளவு எழுதுங்கள். மாவைக் கடையில் வாங்கினால் தேவலையா?

- ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

பாப்பாவின் எடை ஏன் நின்றது என்பதை நீங்களே எழுதிவிட்டீர்கள்: ஒரு டம்ளர் தண்ணீருக்கு இரண்டு டீஸ்பூன் மாவு.

கணக்குப் போட்டுப் பாருங்கள். குவித்து எடுத்தாலும் இரண்டு டீஸ்பூன் மாவு 10 கிராமுக்கு மேல் வராது. அதில் 35, 40 கலோரி. நாளைக்கு இரண்டு டம்ளர் என்றால் 80-க்குள். ஆறிலிருந்து எட்டு மாதப் பிள்ளைக்குத் தாய்ப்பாலுக்கு மேல் சாப்பாட்டிலிருந்து தினமும் 200 கலோரி அளவுக்கு வேண்டும். ஒன்பது மாதம் தொட்டால் 300. பாதிகூடப் போகவில்லை.

இதைவிட மோசமான சங்கதி ஒன்று இருக்கிறது. இந்த வயதில் வயிறு கொள்வது கிலோவுக்கு 30 மில்லி அளவு. உங்கள் மகளுக்கு 200 மில்லி, அதாவது உங்கள் டம்ளர் சரியாக ஒன்று. அதைக் குடித்ததும் வயிறு முட்டிவிடும், அடுத்த இரண்டு மணி நேரத்துக்கு மார்பில் வாய் வைக்க மாட்டாள். 100 மில்லி தாய்ப்பாலில் 65 கலோரிக்குக் குறையாது. 200 மில்லியில் 40 கலோரி உள்ள கஞ்சி, 130 கலோரி உள்ள பாலைத் தள்ளிவிட்டு உட்கார்ந்திருக்கிறது. பகலில் விட்டதை ராத்திரி பிடிக்கப் பார்க்கிறாள், அதனால்தான் இரண்டு மணிக்கொரு அழுகை. சப்புவது குறைந்தால் சுரப்பதும் குறையும். அத்தை இன்று சொல்வது தப்பு. இதே கஞ்சியை இன்னும் இரண்டு மாதம் ஊட்டினால் அவர் சொல்வது உண்மையாகிவிடும். பவுடர் பால் இதற்கு வைத்தியம் இல்லை. தண்ணீரைக் குறைப்பதுதான் வைத்தியம்.

முதல் வேலையாக அந்த பாட்டிலை எடுத்து வைத்துவிடுங்கள். ஓட்டை பெரிதானால் பிள்ளை சப்பாது, விழுங்கும், புரையேறும். ஊசி காய்ச்சிக் குத்திய ரப்பரின் ஓரத்தில் பிசிறு நிற்கும். அதில் மாவு ஒட்டிப் புளிக்கும், எந்தப் பிரஷ்ஷும் அங்கே போகாது. கழுத்து மரையிலும் அப்படித்தான். நம் ஊர் வெயிலில் மாவுக் கஞ்சி இரண்டு மணி நேரத்துக்கு மேல் தாங்காது. காலை 7 மணிக்குக் காய்ச்சியதை 11 மணிக்குச் சூடு பண்ணிக் கொடுப்பதும் வேண்டாம். கிண்ணமும் சின்னக் கரண்டியும் போதும்.

கஞ்சியின் பதத்துக்கு ஒரே சோதனைதான். கரண்டியில் எடுத்துச் சாய்த்தால் ஓடக் கூடாது, பொத்தென்று விழ வேண்டும். 25 கிராம் மாவு, அதாவது தட்டையாக மூன்று மேசைக்கரண்டி. தண்ணீர் 150 மில்லி. மாவைப் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்த பிறகுதான் அடுப்பில் வைக்க வேண்டும். வெந்நீரில் கொட்டினால் கட்டி தட்டும், உள்ளே வேகாத மாவு நிற்கும். சிறு தீயில் 8 நிமிடம் கை எடுக்காமல் கிண்டுங்கள். இறக்கி ஒரு டீஸ்பூன் நெய் விடுங்கள். அந்த ஒரு டீஸ்பூனில் சுமார் 40 கலோரி. இப்போது ஊட்டுகிற ஒரு டம்ளர் கஞ்சி மொத்தத்திலும் இருப்பது அவ்வளவுதான். நெய் இல்லாத நாளில் தேங்காயெண்ணெயோ நல்லெண்ணெயோ விடலாம். இப்படி இரண்டு வேளை கொடுத்தால் 250-ஐத் தொட்டுவிடும். அரைக் கிண்ணத்துக்கு மேல் திணிக்க வேண்டாம், முடித்ததும் பால் கொடுங்கள்.

"இவ்வளவு கெட்டியாக இருந்தால் தொண்டையில் ஒட்டும், விழுங்க மாட்டாள்" என்று அத்தை சொல்வார். அது நியாயமான பேச்சு. மாவு வெந்தால் தண்ணீரை இழுத்துக்கொண்டு பசையாகும், ஆறினால் களியாகும். அதற்குப் பயந்துதான் எல்லா வீட்டிலும் தண்ணீரை ஊற்றி ஊற்றி மாவைக் குறைத்துவிடுகிறார்கள். தண்ணீர் ஊற்றாமல் இளக்க ஒரு வழி இருக்கிறது, முளைகட்டின கேழ்வரகு மாவு. தானியம் முளைக்கும்போது அமைலேஸ் என்கிற நொதி அதில் சுரக்கிறது. அது மாவுப்பசையை வெட்டிச் சிறிதாக்கிவிடும். கெட்டிக் கஞ்சியில் அரை டீஸ்பூன் போட்டுக் கிண்டினால் மூன்று நிமிடத்தில், கண் முன்னாலேயே, இளகிப் பாயசப் பதத்துக்கு வரும். கலோரி குறையாது.

எல்லோரும் தவறுவது சூட்டில்தான். கொதிக்கிற கஞ்சியில் போட்டால் நொதி செத்துப்போகும், ஒன்றும் நடக்காது. கை சுடாத அளவு ஆறின பிறகு போட்டால் வேலை மெதுவாகும். அடுப்பை அணைத்து ஐந்து நிமிடம் விட்டு, விரல் வைத்தால் சுடுகிற சூட்டில் போடுங்கள். இளகியதும் மறுபடி அடுப்பேற்றி இரண்டு நிமிடம் கொதிக்க விடுவது கட்டாயம். முளைகட்டிய ஈரத்தில் கிருமியும் வளர்ந்திருக்கும், அது பச்சையாக வயிற்றுக்குள் போகக் கூடாது. உங்கள் மாவிலும் முளைகட்டிய கேழ்வரகு சேர்த்திருக்கலாம். ஆனால் சிவக்க வறுத்திருப்பீர்கள். வறுத்த அன்றைக்கே அந்த நொதி போயிற்று.

இதைத் தனியாக, கொஞ்சமாகச் செய்துகொள்ளுங்கள். 250 கிராம் கேழ்வரகு ஒரு மாதத்துக்குத் தாராளம். நாலைந்து தண்ணீரில் கல் அரித்து, ராத்திரி முழுக்க ஊறவைத்து, காலையில் தண்ணீரை ஒட்ட வடித்து, பழைய வேட்டித் துணியில் தளரக் கட்டித் தொங்கவிடுங்கள். சித்திரை வைகாசியில் ஒரு பகலும் ஒரு இரவும் போதும். மார்கழியில் ஒன்றரை நாள் பிடிக்கும். துணி காய்ந்தால் தெளிக்கலாம், சொட்டச் சொட்ட நனைக்கக் கூடாது. பிசுபிசுப்பும் புளித்த வாடையும் வந்தால் தண்ணீர் சரியாக வடியவில்லை என்று அர்த்தம். பூஞ்சை தெரிந்தால் கழுவிப் பார்க்காமல் கொட்டிவிடுங்கள். முளை அரை சென்டிமீட்டர் வந்ததும் மெல்லிய துணி மூடி வெயிலில் மொறுமொறுப்பாகக் காயவைத்து, உள்ளங்கையில் தேய்த்து முளையை உதிர்த்து, மிக்சியில் திரித்துச் சலித்து எவர்சில்வர் டப்பாவில் வையுங்கள். வறுக்க வேண்டாம்.

தினசரி மாவுக்குப் பதினான்கு சாமான் எதற்கு? இதை அத்தையிடம் நயமாகத்தான் சொல்ல வேண்டும், ஆசையாகச் செய்திருக்கிறார். ஆனால் பாப்பாவுக்குத் தடிப்போ வாந்தியோ வந்தால் பதினான்கில் எது என்று யார் கண்டது? முந்திரி, பாதாம், நிலக்கடலை கலந்த மாவு இந்தச் சூட்டில் இரண்டு மூன்று வாரத்திலேயே எண்ணெய் காறிப்போகும். ஜவ்வரிசி வெறும் மாவுப்பசை, இடத்தை அடைக்கத்தான் உதவும். கேழ்வரகு 300 கிராம், புழுங்கலரிசி 300 கிராம், பாசிப்பருப்பு 150 கிராம் என்று தானியம் நாலு பங்கும் பருப்பு ஒரு பங்கும் இருந்தால் போதும். ஒவ்வொன்றையும் தனித்தனியாக வறுக்க வேண்டும். அரிசி பொரிகிற நேரத்துக்குள் பருப்பு கருகிவிடும். இந்த முக்கால் கிலோ பதினைந்து நாளைக்குச் சரியாக வரும். இவ்வளவு கொஞ்சத்துக்கு மில்காரர் முகம் சுளிப்பார், மிக்சியே மேல். மில்லுக்குத்தான் கொடுப்பீர்கள் என்றால் முன்னால் என்ன அரைத்தது என்று கேளுங்கள். மிளகாய்த்தூள் ஓடின மிஷினாக இருந்தால் இன்னொரு நாள் போங்கள். அரைத்து வந்த மாவைப் பேப்பரில் பரப்பி நன்றாக ஆறவிட்ட பிறகுதான் டப்பாவில் அடைக்க வேண்டும். சூட்டோடு மூடினால் வேர்த்துக் கட்டியாகும், பிறகு வண்டு.

கடையில் வாங்கலாமா என்று கேட்டீர்கள். மதுரைக் கீழமாசி வீதிக் கடைகள் வரை போக வேண்டாம். உங்கள் ஊர் அங்கன்வாடியில் ஆறு மாதத்திலிருந்தே குழந்தைக்குச் சத்துமாவு பாக்கெட் கொடுக்கிறார்கள், உயிர்ச்சத்தும் தாதுவும் சேர்த்தது. அதை மாட்டுக்குக் கரைத்து ஊற்றுகிற வீடுகளும் உண்டு, என்னத்தைச் சொல்ல. அதில் வெல்லம் ஏற்கெனவே கலந்திருக்கிறது, மேலே இனிப்பு போடாதீர்கள். வீட்டுக் கஞ்சிக்கும் ஒரு வயது வரை நாட்டுச்சர்க்கரை, உப்பு வேண்டாம். தேன் கூடவே கூடாது. அதில் இருக்கக்கூடிய ஒரு கிருமி ஒரு வயதுக்குள் உள்ள பிள்ளையின் குடலில் முளைத்து நரம்பைத் தளர்த்திவிடும்.

கஞ்சியோடு நிறுத்தாதீர்கள். எட்டு மாதத்தில் கட்டி கட்டியாக மசித்ததை நாக்கு பழக வேண்டும். பத்து மாதம் வரை கூழாகவே போனால் பிறகு சோற்றுப் பருக்கை பட்டாலே குமட்டுகிற பிள்ளையாகிவிடும். தனிச் சமையல் தேவையில்லை. மதியப் பருப்பில் உப்பு, மிளகாய் போடும் முன் ஒரு கரண்டி எடுத்து வைத்து, குழைந்த சோறு, நெய்யோடு கையால் பிசையுங்கள், மிக்சி வேண்டாம். இட்லியை வெந்நீரில் கரைக்காமல் நெய் விட்டு உதிர்த்துக் கொடுங்கள். நாட்டுப்பழம் கரண்டியால் மசித்தது. சிறுமலைப்பழம்தான் வேண்டும் என்று அலைய வேண்டாம். முட்டை சாப்பிடுகிற வீடானால் நன்றாக வேகவைத்து இப்போதே தொடங்கலாம். நிலக்கடலையும் அப்படியே, நைஸாகப் பொடித்து அரை டீஸ்பூன் கஞ்சியில். உடம்பில் கடுமையான கரப்பான் இருந்தால் மட்டும் முதலில் டாக்டரைக் கேளுங்கள். முழுக்கடலை, சுண்டல், முறுக்குத் துண்டு பெரியவன் கையிலிருந்து இவள் வாய்க்குப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மூச்சுக்குழலை அடைக்கிறவை அவைதான்.

இனிப் பெரியவன். நாலு பாட்டில் என்றால் 800 மில்லி இருக்கும். வயிறு பாலில் நிறைந்தவனுக்குச் சோற்றைக் கண்டால் ஓட்டம்தான் வரும். பாலில் இரும்புச்சத்து அறவே குறைவு, மற்ற சாப்பாட்டில் உள்ள இரும்பையும் சேரவிடாமல் தடுக்கும், நார் கிடையாது. அவன் வெளிக்குப் போக அழுவதும் இதனால்தான். 400 மில்லிக்கு இறக்குங்கள். ஒரே நாளில் இல்லை, பாட்டிலுக்கு 25 மில்லியாக இரண்டு நாளைக்கொரு தரம் குறையுங்கள். தண்ணீர் கலந்து அளவைச் சரிக்கட்டினால் வயிறு பழையபடி நிறையும், காரியம் நடக்காது. முதலில் நிறுத்த வேண்டியது தூக்கத்தில் கொடுக்கிற பாட்டில், பல் சொத்தையும் அதில்தான் வருகிறது. மிச்சப் பால் டம்ளரில், சாப்பாட்டுக்குப் பிறகு. சாப்பாட்டுக்கு முந்தைய இரண்டு மணி நேரம் பிஸ்கட், பால் எதுவும் கூடாது. அரை மணி நேரத்துக்குள் சாப்பிட்டது போதும், தட்டை எடுத்துவிடுங்கள். செல்போனைக் காட்டி ஊட்ட வேண்டாம். நாலைந்து நாள் ரகளை இருக்கும். அந்த நாட்களில் அத்தை ரகசியமாகப் பாட்டில் கலக்காமல் பார்த்துக்கொள்வதுதான் உங்களுக்குப் பெரிய வேலை. கொய்யா, பப்பாளி, கீரைக் கடைசல், தண்ணீர் என்று போனால் மலம் இளகும். வெளிக்குப் போகும்போது ரத்தம் பட்டால் காத்திருக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

கிராம சுகாதார செவிலியரிடம் இரும்புச்சத்து டானிக் கேளுங்கள். ஆறு மாதத்திலிருந்து ஐந்து வயது வரை வாரம் இரண்டு தடவை 1 மில்லி, அதனால் இரண்டு பேருக்கும் உண்டு. பாலோடு சேர்த்துக் கொடுக்கக் கூடாது. மலம் கறுப்பாகப் போனால் பயப்பட வேண்டாம். பாப்பாவுக்கு ஒன்பது மாதம் முடிந்ததும் தட்டம்மை-ரூபெல்லா ஊசியும் வைட்டமின் ஏ சொட்டும் வரும், அதையும் அப்போதே பேசிக்கொள்ளுங்கள்.

எட்டு மாதப் பெண் குழந்தைக்கு 6.8 கிலோ ஆபத்தான எடை இல்லை. என் கவலை இரண்டு மாதத்தில் 200 கிராம் மட்டும் ஏறியது பற்றித்தான். மாதத்துக்கே 250, 300 ஏற வேண்டிய வயது. பதினைந்து நாளைக்கொரு முறை அதே அங்கன்வாடித் தராசில், உடுப்பில்லாமல், ஊட்டுவதற்கு முன்னால் எடை பார்த்து, வளர்ச்சி அட்டையில் புள்ளி வைக்கச் சொல்லுங்கள். ஒரு மாதம் கெட்டியாக ஊட்டியும் கோடு மேலே திரும்பவில்லை என்றாலோ, நடுவில் காய்ச்சல் விட்டு விட்டு வந்தாலோ, பேதி நீண்டாலோ, கண்ணிமைக்குள் வெளுத்திருந்தாலோ மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனை குழந்தைகள் பிரிவுக்கோ உங்கள் பக்கத்து டாக்டரிடமோ அட்டையோடு போங்கள். சிறுநீரும் ரத்தமும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். கைக்குழந்தைகளுக்குச் சிறுநீரில் வருகிற தொற்று சில சமயம் எடை நிற்பதைத் தவிர வேறு எதையும் வெளியே காட்டாது.

அன்புடன்,
அக்கா