எண் பெரிதாக இருந்தால் கார்டும் பெரிதா?

கேள்வி: மகன் கேம் ஆட கிராபிக்ஸ் கார்டு கேட்கிறான். காரைக்குடிக் கடையில் புது ஆர்டிஎக்ஸ் 3050, 6 ஜிபி காட்டினார்கள். தெரிந்த பையன் ஒருவன் தன் பழைய ஆர்டிஎக்ஸ் 2060-ஐ அதைவிடக் குறைத்துத் தருவதாகச் சொல்கிறான். மகன் 2060தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். 3050தானே பெரிய எண்?
– ஓர் ஆச்சி, பள்ளத்தூர்

பதில்: மகன் சொல்வது சரிதான் ஆச்சி. ஆனால் பணம் கொடுக்கும் முன் பார்க்க வேண்டியது ஒன்று இருக்கிறது, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

மூவாயிரத்து ஐம்பது என்று சேர்த்து வாசிக்காதீர்கள். 30, 50 என்று பிரித்துப் பாருங்கள். முன்னால் உள்ள 30 தலைமுறை. நம் பக்கம் பெயருக்கு முன்னால் போடும் விலாசம் மாதிரி. விலாசத்தை வைத்து எந்த வீட்டுப் பிள்ளை என்று சொல்லிவிடலாம், பிள்ளை கெட்டிக்காரனா என்று சொல்ல முடியுமா? கார்டில் அதைச் சொல்வது பின்னால் உள்ள இரண்டு எண்கள்தான். 50 கடைக்குட்டி, 60 நடுத்தரம், 70, 80, 90 என்று மேலே போகும். 2060 வந்தது 2019இல். தலைமுறையில் மூத்தது, ஆனால் படியில் ஒன்று மேலே. இந்த இரண்டில் அதுதான் வேகம். பின்னால் டிஐ, சூப்பர் என்று வால் இருந்தால் அதே எண்ணில் இன்னும் கொஞ்சம் பலம்.

போதாக்குறைக்கு 3050இலேயே இரண்டு உண்டு. 2022இல் வந்தது 8 ஜிபி. 2024இல் வந்த 6 ஜிபியில் நினைவகம் மட்டும் குறையவில்லை. கணக்குப் போடும் கோர்களும் 2560இலிருந்து 2304 ஆயின, நினைவகப் பாதையும் 128 பிட்டிலிருந்து 96 ஆனது. பெயர் மட்டும் அதே பெயர்! எனக்கு இது கொஞ்சமும் பிடிக்கவில்லை.

ஜிபியைப் பார்த்தும் மயங்க வேண்டாம். நானே ஒருமுறை '4 ஜிபி' என்று அட்டையில் கொட்டை எழுத்தில் போட்டிருந்ததை நம்பி ஜிடி 730 வாங்கி வந்தேன். 2 ஜிபி ஜிடிஎக்ஸ் 1050 அதைத் தூக்கிச் சாப்பிட்டுவிடும். ஜிடி என்று மட்டும் இருந்தால் படம் காட்டத்தான், கேமுக்கு ஆகாது.

சரி, அந்த ஒரு விஷயம். கம்ப்யூட்டரின் பக்கத் தகட்டைக் கழற்றி, உள்ளே மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ் பெட்டியில் ஒட்டியிருக்கும் தாளைப் பாருங்கள். 2060 தனியாக 160 வாட் இழுக்கும். 500 வாட் எஸ்எம்பிஎஸ்ஸும், கார்டில் செருக 8 பின் வயரும் வேண்டும். ஆபீஸில் கழித்துக் கட்டிய பழைய கம்ப்யூட்டர் என்றால் பெரும்பாலும் இரண்டும் இருக்காது. அப்போது 6 ஜிபி 3050 வாங்குவதுதான் புத்திசாலித்தனம்: 70 வாட் போதும், தனி வயர் கேட்காது.

2060 என்றே முடிவானால், அந்தப் பையன் வீட்டிலேயே அரைமணி நேரம் கேம் ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். திரையில் புள்ளி, கோடு வந்தாலோ, ஃபேன் கரகரத்தாலோ விலை எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம்.