கடல் இல்லாத ஊரிலிருந்து படகுக் கேள்விகள்

சின்னப் பாய்மரப் படகில் கடலோரமாக ஊர் ஊராகப் போய்வந்தவர்கள் எழுதும் குறிப்புகளுக்குக் கோப்பை கொடுக்கும் சங்கங்கள் உண்டு என்று சேலத்து நண்பர்களிடம் சொன்னேன். கேள்விகள் வந்து குவிந்துவிட்டன. கைக்கு வந்த வரிசையில் பதில்கள்.

பந்தயத்தில் ஜெயித்தால் கோப்பை, சரி. கட்டுரைக்கு எதற்குக் கோப்பை? (ஆத்தூர் ஆசிரியர்)

பந்தயத்துக்கு நடுவர் உண்டு, எல்லைக்கோடு உண்டு. க்ரூசிங் என்னும் உலாப் பயணத்தில் இரண்டும் கிடையாது. நள்ளிரவில் நீங்கள் பாயை எப்படிச் சுருக்கினீர்கள் என்று யார் பார்த்தார்கள்? எழுத்துதான் சாட்சி. இங்கிலாந்தில் 1880-இல் தொடங்கிய ராயல் க்ரூசிங் கிளப், உறுப்பினர்களின் குறிப்புகளை ‘ரோவிங் கமிஷன்ஸ்’ என்று ஆண்டுத் தொகுப்பாகப் போடுகிறது. கோப்பைகளும் தருகிறது.

அப்படியானால் அதிக தூரம் போனவருக்குத்தானே கிடைக்கும்? (ஓமலூர் கல்லூரி மாணவர்)

தூரத்துக்கும் மதிப்பு உண்டு. க்ரூசிங் கிளப் ஆஃப் அமெரிக்காவின் புளூ வாட்டர் பதக்கத்தை முதலில், 1923-இல், பெற்ற அலென் ஜெர்போ, ஜிப்ரால்டரிலிருந்து நியூயார்க்குக்குத் தனியாக 101 நாளில் போனவர். ஆனால் அது கடலோடும் திறமைக்கான பதக்கம். பயணக் குறிப்புக்கான கோப்பை வேறு கதை. காற்று ஏறுகிறது, இருட்டப்போகிறது, முன்னால் பழக்கமில்லாத முகத்துவாரம். உள்ளே நுழைவதா, விடியும்வரை வெளியே கடலிலேயே நிற்பதா? என்ன முடிவெடுத்தீர்கள், எதை வைத்து எடுத்தீர்கள் என்று வாசகருக்குத் தெரிய வேண்டும். பத்து மைல் பயணத்திலும் இது வரும். பாதியில் திரும்பி வந்ததைக்கூட நன்றாக எழுதலாம். என்னைக் கேட்டால் அதுதான் சுவாரசியம்.

இணையத்தில் இரண்டு ஆங்கிலக் குறிப்புகள் படித்தேன். பஸ் டைம்டேபிள் மாதிரி 5.40-க்கு ஓதம் (கடல்நீர் ஏற்றம்), 11.50-க்கு வற்றம் (இறக்கம்) என்றே போகிறது. ஏன் சார் இப்படி? (ஐந்து ரோட்டுக் கடைக்காரர்)

நல்ல கேள்வி. சென்னைக் கடற்கரையில் ஓதத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வித்தியாசம் ஏறக்குறைய ஒரு மீட்டர்தான். அதனால் நமக்கு அது பெரிதாகத் தெரிவதில்லை. இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் நடுவே உள்ள பிரிஸ்டல் கால்வாய் என்னும் கடற்பகுதியில் 12 மீட்டரைத் தாண்டும், அதாவது நான்கு மாடி உயரம்! ஏறக்குறைய ஆறேகால் மணி நேரம் நீர் ஏறும், அடுத்த ஆறேகால் மணி நேரம் இறங்கும். ஏறி இறங்கும்போது ஓட்டமும் திசை மாறும். சின்னப் படகு மணிக்கு நான்கு மைல் போனால் பெரிது. எதிரே நீரோட்டமும் நான்கு மைல் என்றால் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டியதுதான். நேரம் தவறி ஓடைக்குள் போனால் படகு சேற்றில் உட்கார்ந்துவிடும். அடுத்த ஓதம்வரை டீ போட்டுக் குடித்துக்கொண்டிருக்கலாம். அந்த மணிக்கணக்குதான் அங்கே கதையின் முடிச்சு. நம் மீனவர்கள் வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்று காற்றை வைத்துப் பேசுவார்களே, அந்த இடத்தில் இங்கிலாந்துக்காரர்களுக்கு ஓதம்.

ஏற்காடு ஏரியில் துடுப்புப் போட்ட அனுபவத்தை அனுப்பலாமா? (ஏற்காடு வாசகி)

படகு இல்லத்து அரைமணி டிக்கெட்டுக்குக் கோப்பை கஷ்டம்! தவிர, இப்படிப்பட்ட விருதுகள் பெரும்பாலும் சங்க உறுப்பினர்களுக்குத்தான். ஆனால் எழுதிப் பழக அந்த ஏரி போதும். மலை மறைப்பதால் காற்று அடிக்கடி திசை மாறும். எந்தக் கரையில் நீர் சிலிர்க்கிறது, எங்கே அசையாமல் கிடக்கிறது என்று பத்து நிமிஷத்துக்கு ஒரு வரி எழுதிப் பாருங்கள்.

மேட்டூர் அணையில் பரிசலுக்குப் பாய் கட்டி ஓட்டினால்? (மேட்டூர் இளைஞர்)

வேண்டாம் தம்பி. பரிசல் வட்டம், அடியில் கட்டையும் இல்லை. காற்று தள்ளும் பக்கமே போகும், சுற்றவும் செய்யும். காற்றுக்குக் குறுக்கே போக, நீருக்குள் இறங்கி நிற்கும் பலகை வேண்டும். அப்புறம், அனுமதி இல்லாமல் அணையில் இறங்கவே கூடாது.

என் பெண்ணுக்குப் பத்து வயது. எங்கே கற்றுக்கொடுக்கலாம்? (அஸ்தம்பட்டி அம்மா)

சேலத்தில் வசதி இல்லை. சென்னையில் 1911-இலிருந்து இருக்கும் ராயல் மெட்ராஸ் யாட் கிளப்பில் விசாரியுங்கள். அந்த வயதுக்கு ஏற்றது ஆப்டிமிஸ்ட் என்னும் படகு. 2.3 மீட்டர் நீளம், ஒரே பாய், ஒரு பிள்ளை உட்காரலாம். போவதற்கு முன் நீச்சல் பழகிவிடட்டும். லைஃப் ஜாக்கெட் அளவு சரியா என்று நீங்களே இழுத்துப் பாருங்கள்.